ஒற்றரை அளத்தல்: குவாண்டம் திறவுகோல் பகிர்வின் வேகமும் காப்பும்

(பகாங், கேமரன் மலை, திரிங்காப்பில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைவில் இருக்கும் இருவர், மூன்றாமவர் எவருக்கும் தெரியாத ஓர் எண்வரிசையைத் தம்மிடையே உருவாக்கிக்கொள்வதற்கு ஒளியின் குவாண்டம் இயல்புகளைப் பயன்படுத்தும் முறைக்குக் குவாண்டம் திறவுகோல் பகிர்வு என்று பெயர். அது செய்தியை எடுத்துச் செல்வதில்லை. செய்தியைப் பூட்டவும் திறக்கவும் வேண்டிய திறவுகோலை, அதாவது 0, 1 என்னும் பிட்டுகள் எவ்வித ஒழுங்குமின்றி அமைந்த வரிசையை, இரு முனைகளிலும் ஒருங்கே விளைவிப்பதே அதன் வேலை. வங்கிக் கணக்கு முதல் மருத்துவப் பதிவு வரை இன்று இணையத்தில் செல்பவற்றைக் காக்கும் பொதுத் திறவுகோல் முறைகள், பேரெண்களைக் காரணிகளாகப் பிரிப்பது போன்ற சில கணக்குகள் மிகக் கடினமானவை என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. போதிய அளவுள்ள குவாண்டம் கணினி ஒன்று அமைந்தால் அக்கணக்குகள் எளிதில் தீரும் என்பதை 1994இல் பீட்டர் ஷோர் காட்டியபின், கணக்கின் கடினத்தை நம்பாமல் இயற்கை விதியை நம்பும் இம்முறையின்மீது நாடுகளின் கவனம் திரும்பியது.

இம்முறைமீது இரண்டு குறைகள் சொல்லப்படுவதுண்டு. ஒன்று, அது மெதுவானது, தொலைவு கூடக்கூட நொடிக்குக் கிடைக்கும் பிட்டுகள் அருகிப்போகின்றன என்பது. மற்றொன்று, ஏட்டில் நிறுவப்பட்ட காப்பு, கடையில் வாங்கிய லேசரையும் உணரியையும் வைத்துக் கட்டிய கருவியில் அப்படியே வந்துவிடுவதில்லை என்பது. வேகத்தைக் கூட்டக் காப்பை விட்டுக்கொடுக்க வேண்டும், காப்பைக் கூட்ட வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இவ்விரண்டையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பேசுவதும் வழக்கம். இத்துறையின் நாற்பதாண்டு வரலாறு அவ்வழக்கத்தைப் பெரிதும் மறுக்கிறது. ஒற்றரிடம் எவ்வளவு தகவல் போயிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டு, அதைக் கழித்தபின் எஞ்சுவதே திறவுகோலின் நீளம். ஆகவே அம்மதிப்பீடு துல்லியமடையும்போதெல்லாம் திறவுகோல் நீண்டிருக்கிறது, அது பொய்த்த இடங்களிலெல்லாம் வேகமும் போலியாயிருக்கிறது. இச்சொற்பொழிவு நிறுவ முனைவது இதுவே.

பெங்களூரில் வெளியான முறை

இம்முறை முதன்முதலில் முழு வடிவில் வெளியானது இந்தியாவில்தான். 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த பன்னாட்டுக் கணினி மாநாடு ஒன்றில், ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பென்னட்டும் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழில் பிராசாரும் அளித்த கட்டுரையில் அது விளக்கப்பட்டது. இருவர் பெயர்களின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் சேர்த்து அதனைப் பிபி84 என்று வழங்குவர். அவர்களுக்கு முன்னோடியான ஸ்டீஃபன் வைஸ்னரின் கருத்து, 1970 வாக்கில் எழுதப்பட்டும் 1983 வரை அச்சேறாமல் கிடந்தது.

ஒளியலையின் மின்புலம் அதிரும் திசைக்கு முனைவாக்கம் என்று பெயர். அனுப்புநர் ஒவ்வொரு பிட்டையும் ஒளியின் மிகச் சிறிய அலகான ஒரு ஃபோட்டானின் முனைவாக்கமாகப் பதிந்து அனுப்புகிறார். கிடை, செங்குத்து ஆகிய இரு திசைகள் சேர்ந்தது நேர் அச்சு. 45 பாகை, 135 பாகை ஆகியவை சேர்ந்தது சாய்வு அச்சு. எந்த அச்சில் பதிவது என்பதை அனுப்புநர் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்கிறார். எந்த அச்சில் அளப்பது என்பதைப் பெறுநரும் அவ்வாறே தேர்கிறார். இருவர் அச்சும் ஒன்றானால் பிட் சரியாகக் கிடைக்கும். வேறானால் விடை பாதிக்குப் பாதி சரியாகவும் தவறாகவும் வரும்.

எட்டு ஃபோட்டான்களைக் கொண்டு இதைப் பார்க்கலாம். அனுப்புநரின் பிட்டுகள் 1, 0, 0, 1, 1, 0, 1, 0 என்றும், அவர் தேர்ந்த அச்சுகள் நேர், சாய்வு, நேர், நேர், சாய்வு, சாய்வு, நேர், சாய்வு என்றும், பெறுநர் தேர்ந்தவை நேர், நேர், நேர், சாய்வு, சாய்வு, நேர், நேர், சாய்வு என்றும் கொள்வோம். அளந்து முடித்தபின் இருவரும் தொலைபேசியிலோ இணையத்திலோ அச்சுகளை மட்டும் வெளிப்படையாகச் சொல்லி ஒப்பிடுகின்றனர். 1, 3, 5, 7, 8 ஆகிய இடங்களில் அச்சுகள் ஒத்துப்போவதால் 1, 0, 1, 1, 0 என்னும் ஐந்து பிட்டுகள் தங்க, மற்ற மூன்றும் கழிகின்றன. ஃபோட்டானை இடைமறிக்கும் ஒற்றருக்கு அது எந்த அச்சில் பதியப்பட்டது என்று அவ்வேளையில் தெரியாது. அவர் பாதித் தடவை தவறான அச்சில் அளந்து, கிடைத்த விடையின்படி புதிய ஃபோட்டானை அனுப்பும்போது, அவற்றிலும் பாதி பெறுநரிடம் பிழையாகிவிடுகிறது. ஆக, எல்லாவற்றையும் இடைமறிக்கும் ஒற்றர் 25 விழுக்காடு பிழையை விட்டுச் செல்கிறார். இருவரும் சில பிட்டுகளை வெளியிட்டு ஒப்பிட்டால் அவருடைய தடயம் தெரிந்துவிடும்.

1989இல் பென்னட்டும் பிராசாரும் அவர்தம் குழுவினரும் செய்த முதற்சோதனையில் ஒளி சென்ற தொலைவு ஏறத்தாழ 30 செண்டிமீட்டர். அக்கருவியில் முனைவாக்கத்தை மாற்றுவதற்கான உயர் மின்னழுத்தப் பகுதி, பதியும் முனைவாக்கத்துக்கு ஏற்ப வெவ்வேறு ஓசை எழுப்பியது. அறையில் காது கொடுத்து நிற்பவர் ஃபோட்டானைத் தொடாமலே பிட்டை அறிந்துகொள்ளலாம் என்பதை அவர்களே பின்னர் வேடிக்கையாகக் குறிப்பிட்டனர். கோட்பாட்டின் காப்புக்கும் கருவியின் காப்புக்கும் உள்ள இடைவெளி இத்துறையோடு கூடவே பிறந்தது என்பதற்கு அதுவே சான்று.

கழிவின் கணக்கு

பெறுநரிடம் வந்த பிட்டுகள் திறவுகோலாவதற்குள் நான்கு கட்டங்களில் கழிவு நேர்கிறது. தோட்டத்து ஆலையில் நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி, நசுங்கி, உலர்ந்து ஒரு கிலோ தேயிலையாவது போல, வரத்துக்கும் விளைவுக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு. அச்சு ஒத்துப்போகாதவற்றை நீக்குவது முதற்கட்டம். இருவர் வரிசைகளிலும் உள்ள வேற்றுமைகளைக் களையும் பிழைத்திருத்தம் இரண்டாவது. அதற்காகப் பொதுவெளியில் சொல்லப்படும் ஒவ்வொரு பிட் விவரமும் ஒற்றருக்கும் போய்ச் சேருகிறது. ஒற்றரிடம் இருக்கக்கூடிய பகுதி அறிவைக் கரைத்துவிடும் இரகசியச் செறிவூட்டல் மூன்றாவது. அதில் நீண்ட வரிசையொன்று, கலவைச் சார்பு எனப்படும் கணித விதியால், ஒற்றர் எதையும் ஊகிக்க முடியாத குறுகிய வரிசையாகச் சுருக்கப்படுகிறது. எண்ணிக்கை வரம்புடைய மாதிரியிலிருந்து முடிவுக்கு வருவதால் ஏற்படும் ஐயத்துக்கு ஒதுக்கும் பங்கு நான்காவது.

2000ஆம் ஆண்டில் ஷோரும் ஜான் பிரெஸ்கிலும் தந்த எளிய நிறுவலின்படி, பிபி84 முறையில் பிழை வீதம் ஏறத்தாழ 11 விழுக்காட்டைத் தொட்டால் அந்நிறுவலின்வழித் திறவுகோல் ஏதும் எஞ்சாது. பிழை 2 விழுக்காடானால், அச்சு ஒத்த பிட்டுகளில் ஏறத்தாழ 72 விழுக்காடு தேறும். 5 விழுக்காடானால் 43. 7 விழுக்காடானால் 27. இவை பிழைத்திருத்தம் கொள்கையளவிலான உச்சத் திறனோடு நடக்கும் நிலைக்கு உரிய எண்கள். நடைமுறையில் அது உச்சத்தைவிட 16 விழுக்காடு கூடுதலான விவரத்தை வெளியிடுவதாகக் கொண்டால், 7 விழுக்காடு பிழையில் தேறுவது 27லிருந்து 21ஆக இறங்கும். பிராசாரும் லூயி சல்வாயும் 1993இல் வகுத்த, இருவரும் மாறிமாறிச் சரிபார்க்கும் முறையும், ஒரே செய்தியில் திருத்தக் குறிப்பை அனுப்பிவிடும் பிற்கால முறைகளும் இந்தக் கூடுதலைக் குறைக்கும் முயற்சிகளே. லேசரையோ ஒளியிழையையோ தொடாமல், கணினி நிரலை மட்டும் மேம்படுத்தித் திறவுகோலை நீட்டக்கூடிய இடம் இது.

மாதிரியின் அளவும் அவ்வளவு முக்கியமானது. 10,000 பிட்டுகளைச் சோதித்து 200 பிழை கண்டவர், உண்மைப் பிழை வீதம் சரியாக 2 விழுக்காடு என்று கொள்ள இயலாது. ஐந்து நியமவிலக்கம் அளவுக்கு எச்சரிக்கையாக இருப்பவர் அதை 2.7 விழுக்காடு வரை உயர்த்திக் கணக்கிட வேண்டும். அதே 2 விழுக்காடு 10 இலட்சம் பிட்டுகளில் கிடைத்தால் 2.07 வரை உயர்த்தினால் போதும். ரெனாட்டோ ரென்னரும் அவர் வழிவந்தோரும் 2005 முதல் வளர்த்த முடிவுறு எண்ணிக்கைக் கோட்பாடும், பின்னாளில் சிங்கப்பூரில் பணியாற்றிய சார்ல்ஸ் லிம் முதலியோர் 2014இல் தந்த சுருக்கமான வரம்புகளும் இந்த எச்சரிக்கையைத் தேவையான அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ள உதவின. வரம்பு இறுக்கமாகும்போது அதே அளவு காப்புக்குக் குறைந்த கழிவே போதுமாகிறது.

வேகத்தைக் கூட்டிய இரண்டு கருத்துகள்

அச்சுகளைச் சரிபாதி வாய்ப்போடு தேர்ந்தால் பாதி பிட்டுகள் வீணாகும். ஹோய்-குவோங் லோ, சாவ், அர்தேஹாலி ஆகிய மூவரும் முன்வைத்து, 2005இல் முழு நிறுவலோடு வெளியான முறையில், இருவரும் ஓர் அச்சைப் பெரும்பாலும் தேர்வர். நேர் அச்சைப் பத்தில் ஒன்பது தடவை தேர்ந்தால், இருவரும் அதிலேயே சந்திக்கும் வாய்ப்பு 81 விழுக்காடு. ஒற்றரும் அந்த அச்சையே பெரும்பாலும் தேர்ந்து பிழையைக் குறைத்துவிடலாமே என்ற ஐயம் எழுவது இயல்பு. இரு அச்சுகளின் பிழைகளையும் ஒன்றாகக் கலந்து சராசரி காணாமல் தனித்தனியே கணக்கிட்டால், அரிதாகத் தேரப்படும் சாய்வு அச்சில் அவருடைய தடயம் பளிச்சென்று தெரியும். இங்கே வேகம் இருமடங்கை நெருங்கியது, தடயத்தைப் பார்க்கும் முறை நுட்பமானதால்.

இரண்டாவது கருத்து இதனினும் பெரிய பயன் தந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபோட்டானைத் தரும் ஒளிமூலம் அரிது; நடைமுறையில் லேசர் துடிப்பை மிகவும் மங்கலாக்கி அனுப்புவர். லேசர் ஒளியின் குவாண்டம் விவரிப்புக்கு 1963இல் அடித்தளமிட்டவர்களில் ஒருவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்த இ. சி. ஜி. சுதர்சன். அவ்விவரிப்பின்படி ஒரு துடிப்பில் எத்தனை ஃபோட்டான் இருக்கும் என்பது நிகழ்தகவைப் பொறுத்தது. சராசரி 0.1 என்றால், நூற்றுக்கு ஏறத்தாழ 90.5 துடிப்புகள் வெறுமையாகவும், 9 துடிப்புகள் ஒரு ஃபோட்டானோடும், அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானவை இரண்டும் அதற்கு மேலுமாகவும் இருக்கும். இரண்டு உள்ள துடிப்பில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதைப் போகவிட்டு, அச்சுகள் அறிவிக்கப்பட்டபின் அளந்தால் ஒற்றருக்குப் பிழையின்றிப் பிட் கிடைத்துவிடும். ஒற்றைத் துடிப்புகளைத் தடுத்து நிறுத்தி, இரட்டைகளை மட்டும் போகவிட்டு, அதை இழையின் இழப்பு போலவும் காட்டிவிடலாம். இதற்கு அஞ்சி ஒளியை மேலும் மேலும் மங்கலாக்கியதால், தொலைவு கூடும்போது திறவுகோல் வீதம் இழையின் கடத்துதிறனுக்கு (அனுப்பிய ஒளியில் போய்ச் சேரும் பங்குக்கு) அன்றி அதன் வர்க்கத்துக்கு ஏற்பச் சரிந்தது. நூறில் ஒரு பங்கு ஒளி வரும் தொலைவில் பயன் பத்தாயிரத்தில் ஒரு பங்காயிற்று.

2003இல் வோன்-யங் ஹ்வாங் முன்வைத்து, 2005இல் லோ, சியோங்ஃபெங் மா, கை சென் மூவரும், தனியே சியாங்-பின் வாங்கும் செம்மைப்படுத்திய தூண்டில் துடிப்பு முறை இதை மாற்றியது. அனுப்புநர் இரண்டு மூன்று வெவ்வேறு ஒளிர்வுகளில் துடிப்புகளைக் கலந்து அனுப்புகிறார். எது எந்த ஒளிர்வில் போனது என்பதைப் பின்னரே வெளியிடுகிறார். ஒற்றரால் ஒரு துடிப்பில் உள்ள ஃபோட்டான்களை எண்ண முடியுமேயன்றி, அது எந்த ஒளிர்விலிருந்து வந்தது என்று அறிய முடியாது. ஆகவே அவர் இரட்டைகளுக்குத் தனிச் சலுகை காட்டினால், வெவ்வேறு ஒளிர்வுகள் பெறுநரை அடைந்த விகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போய் அவரைக் காட்டிக்கொடுக்கும். ஒற்றைத் துடிப்புகள் எத்தனை வந்தன என்பது இவ்வாறு அளந்தறியப்பட்டதால், சராசரியை 0.5 அளவுக்கு உயர்த்தவும், வீதத்தைக் கடத்துதிறனுக்கே நேர்விகிதமாக்கவும் முடிந்தது. ஒற்றர் என்ன செய்திருக்கலாம் என்ற அச்சத்தின் இடத்தில் அவர் செய்ததன் அளவீடு வந்தபோது, காப்பும் வேகமும் ஒரே அடியில் உயர்ந்தன.

இவற்றோடு உணரிகளின் முன்னேற்றமும் சேர்ந்தது. மிகு குளிரில் இயங்கும் மீக்கடத்தி நுண்கம்பி உணரிகள், பொய்யான பதிவு மிகக் குறைவாகவும், வந்த ஃபோட்டானைப் பெரும்பாலும் தவறவிடாமலும் வேலை செய்கின்றன. 2023இல் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 10 கிலோமீட்டர் இழையில் நொடிக்கு 115.8 மெகாபிட் திறவுகோலை எட்டியது.

சிங்கப்பூரின் 290 மீட்டர்

கருவி ஏட்டின்படி நடக்கவில்லை என்றால் என்னாகும் என்பதற்கு மலேசியாவின் அண்டையிலேயே பாடம் கிடைத்தது. 2010இல் வாடிம் மகரோவ் உள்ளிட்ட குழு, சந்தையில் விற்கப்பட்ட இரண்டு கருவிகளின் உணரிகளைப் பேரொளியால் குருடாக்கி ஆட்டுவிக்க முடியும் என்று காட்டியது. 2011இல் வெளியான அடுத்த ஆய்வில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீட்டர் இழையில் இயங்கிக்கொண்டிருந்த திறவுகோல் இணைப்பின் நடுவே ஒற்றர் கருவி ஒன்று பொருத்தப்பட்டு, முழுத் திறவுகோலும் திருடப்பட்டது. இரு முனைகளிலும் எந்த எச்சரிக்கையும் எழவில்லை.

அதன் இயக்கம் கூர்ந்து நோக்கத் தக்கது. ஃபோட்டானை உணரும் ஒளிச்சரிவு இருமுனையம், ஒற்றை ஃபோட்டானுக்கே மின்னோட்டம் பொங்கி எழும்படி, வரம்புக்கு மேலான மின்னழுத்தத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதன்மீது தொடர்ந்து வலுவான ஒளியைப் பாய்ச்சினால் மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே தாழ்ந்து, அது ஒற்றை ஃபோட்டானை உணராத சாதாரண ஒளியுணரியாகிவிடும். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய ஒளி விழுந்தால் மட்டும் பதிவு தரும். ஒற்றர் வட்ட முனைவாக்க ஒளியால் நான்கு உணரிகளையும் ஒருசேரக் குருடாக்கினார். பின் தாம் அளந்த முனைவாக்கத்தில், அவ்வளவைச் சற்றே தாண்டும் ஒரு துடிப்பைச் சேர்த்தனுப்பினார். அதே அச்சின் உரிய உணரியில் முழு ஒளியும் விழுந்து பதிவாயிற்று. மற்ற அச்சில் ஒளி இரண்டாகப் பிரிந்து அளவை எட்டாமல் அடங்கிவிட்டது. தவறான அச்சில் பதிவே நேராததால் 25 விழுக்காடு என்னும் தடயமும் தோன்றவில்லை. பிபி84இன் நிறுவல் பிழையென்று இதற்குப் பொருளில்லை. உணரி ஒற்றை ஃபோட்டானுக்கு மட்டுமே பதிலளிக்கும் என்ற அனுமானத்தை அளந்து பாராமல் கணக்கில் சேர்த்ததே குறை.

ஒளிவழியில் ஒரு காவல் உணரியை வைப்பது, மின்னோட்டத்தைக் கண்காணிப்பது போன்ற ஒட்டுகள் உடனே வந்தன. 2012இல் லோ, மார்கோஸ் கர்ட்டி, பிங் சி ஆகியோர் தந்த தீர்வு அடிப்படையையே மாற்றியது. அதில் இருவருமே அனுப்புநர். இருவர் ஒளியும் நடுவில் உள்ள நிலையத்தில் சந்திக்க, அந்நிலையம் இரண்டும் ஒத்தவையா மாறுபட்டவையா என்பதை மட்டும் அறிவிக்கும். பிட் எது என்று அதற்குத் தெரியாது. ஆகவே உணரிகள் முழுவதும் ஒற்றரின் கையிலேயே இருந்தாலும் திறவுகோல் காப்புடையது. உணரி சாராத் திறவுகோல் பகிர்வு என்று இதைச் சொல்லலாம். இதற்கும் மேலே, கருவி எதையுமே நம்பாமல், பின்னிய, அதாவது தம் நிலைகள் ஒன்றோடொன்று பிணைந்த, இரு துகள்களின் அளவீடுகளில் தோன்றும் தொடர்பின் வலிமையைக் கொண்டே காப்பை நிறுவும் முறையை 2022இல் மூன்று குழுக்கள் சோதனையில் காட்டின. ஆக்ஸ்ஃபோர்டு குழுவுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் கிடைத்தது 95,000 பிட் அளவே. நம்பிக்கையை அறவே நீக்குவதன் விலை அன்று அவ்வளவு.

தொலைவின் வரம்பு

தரமான ஒளியிழையில் ஒளி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழக்கிறது. கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூர் சாலைவழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இழையின் நீளமும் அதுவே என்று கொண்டால் இழப்பு 40 டெசிபெல், அதாவது பத்தாயிரம் ஃபோட்டானில் ஒன்றே போய்ச் சேரும். சாதாரணத் தொலைத்தொடர்பில் இடையிடையே பெருக்கிகள் உண்டு. குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயலாது என்னும் விதி ஒற்றரைத் தடுப்பது போலவே பெருக்கியையும் தடுக்கிறது. இடையில் துணை நிலையம் இல்லாத எந்த முறையும் ஒரு துடிப்புக்குக் கடத்துதிறனின் ஏறத்தாழ 1.44 மடங்குக்கு மேல் இரகசிய பிட் தர முடியாது என்ற வரம்பு 2017இல் நிறுவப்பட்டது.

பாதி வழியில் ஒரு நிலையத்தை வைத்து, அங்கே திறவுகோலை வெளியே எடுத்து மீண்டும் அனுப்பினால் ஒவ்வொரு பாதிக்கும் 20 டெசிபெல் இழப்பே. நூறில் ஒரு ஃபோட்டான் தேறும். ஆனால் அந்நிலையத்தின் அறைக்குள் திறவுகோல் வெளிப்படையாக இருக்கும். அதைக் காப்பவரை நம்பியே ஆகவேண்டும். 2017இல் செயற்பட்ட 2,000 கிலோமீட்டர் பெய்ஜிங்–ஷாங்காய் இணைப்பில் இத்தகைய நிலையங்கள் 32. 2018இல் டோஷிபாவின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த லூகமரினி முதலியோர் முன்வைத்த இரட்டைப்புல முறை, நிலையமே இல்லாத முறைக்கும் நம்பிக்கைக்குரிய நிலைய முறைக்கும் நடுவே வழி கண்டது. இருவரும் மங்கிய ஒளியை நடு நிலையத்துக்கு அனுப்ப, எவருடையது என்று பிரித்தறிய முடியாத ஒரே ஒரு ஃபோட்டான் அங்கே பதிவானால் போதும். ஒரு ஃபோட்டான் பாதித் தொலைவை மட்டும் கடந்தால் போதுமாதலால், வீதம் கடத்துதிறனின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைகிறது: பத்தாயிரத்தில் ஒன்றின் இடத்தில் நூறில் ஒன்று. உணரி சாராத் தன்மையும் கூடவே கிடைப்பதால், நடு நிலையத்தை நம்ப வேண்டியதில்லை. நம்பிக்கைக்குரிய நிலையத்தின் வேகம், நம்பத் தேவையற்ற நிலையத்தில் கிடைக்கிறது.

2023இல் இம்முறையில் 1,002 கிலோமீட்டர் எட்டப்பட்டது. ஆனால் அத்தொலைவில் வீதம் நொடிக்கு 0.0034 பிட், அதாவது ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம். அதே ஆய்வில் 202 கிலோமீட்டரில் கிடைத்த வீதம் நொடிக்கு 47 கிலோபிட். கோலாலம்பூர்த் தொலைவை ஒத்த இந்த இரண்டாவது எண்ணே பயன்பாட்டு நோக்கில் பெரிது. ஓர் உரையாடலின் ஒவ்வொரு பிட்டையும் தனித்தனிப் பிட்டால் மறைப்பதற்கு அது போதும்.

சென்னையும் பிற இந்திய நிலையங்களும்

இந்திய அரசு 2023 ஏப்ரல் 19 அன்று 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2,000 கிலோமீட்டர் அளவிலான குவாண்டம் தகவல்தொடர்பு அதன் இலக்குகளில் ஒன்று. அதன் தகவல்தொடர்புப் பிரிவின் மையம் சென்னை ஐஐடி. அங்கே அனில் பிரபாகர், பிரபா மண்டயம் முதலியோர் ஆய்ந்த முறைகளில் ஒன்று, கட்ட வேறுபாட்டு முறை. முனைவாக்கம் இழையில் வெப்பத்தாலும் அசைவாலும் திரிந்துவிடுவதால், இதில் ஒரு ஃபோட்டான் அடுத்தடுத்த மூன்று துடிப்புகளில் பரவ விடப்பட்டு, அலையின் ஏற்ற இறக்க நிலையாகிய கட்டத்தில் துடிப்புக்குத் துடிப்பு உள்ள வேறுபாட்டில் பிட் பதியப்படுகிறது. பெறுநர் ஒவ்வொரு துடிப்பையும் அடுத்ததோடு மேற்பொருத்தும்போது பதிவு நான்கு நேர இடங்களில் விழலாம். ஓரத்து இரண்டும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்புடையவை, பயனற்றவை. நடு இரண்டும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புடையவை, பிட் தருபவை. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு பதிவுகள் பயன்படுகின்றன. சமவாய்ப்புப் பிபி84இல் பயன்படுவது பாதியே.

எளிய கருவியில் கிடைக்கும் இத்தகைய வேகத்துக்கு நிறுவல் துணைநிற்க வேண்டும் என்பதை இதனோடு உறவுடைய மற்றொரு முறை உணர்த்தியது. ஒளியுள்ள துடிப்பு, வெறுந்துடிப்பு ஆகியவற்றின் வரிசையில் பிட்டைப் பதியும் ஓரியல் ஒருவழி முறை, நெடுந்தொலைவுச் சாதனைகளுக்காகப் புகழ்பெற்றிருந்தது. 2020இல் கர்ட்டியும் உடன் ஆய்வாளரும், பிழையே விளைவிக்காத ஒரு தாக்குதலைக் காட்டி, அதன் உண்மையான வீதம் கடத்துதிறனின் வர்க்கத்துக்கு ஏற்பவே அமையும் என்று நிறுவினர். நெடுந்தொலைவில் அறிவிக்கப்பட்டிருந்த திறவுகோல்கள் காப்புடையவை என்ற கூற்று அத்துடன் தளர்ந்தது. ஒற்றரின் அறிவைக் குறைவாக மதிப்பிட்டுப் பெற்ற நீளம் நிற்கவில்லை.

களச் சோதனைகளும் நடந்துவருகின்றன. 2021 மார்ச்சில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அகமதாபாத்தில் 300 மீட்டர் வான்வெளியிலும், 2022 பிப்ரவரியில் டெல்லி ஐஐடியும் பாதுகாப்பு ஆய்வு அமைப்பும் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையிலும் இதைச் செய்துகாட்டின. 2025 ஜூனில் அவற்றுள் பின்னைய இரு நிறுவனங்களும் டெல்லி வளாகத்தில் பின்னிய ஃபோட்டான்களைக் கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வான்வெளியில் நொடிக்கு ஏறத்தாழ 240 பிட் வீதத்தையும் 7 விழுக்காட்டுக்குக் குறைவான பிழையையும் அறிவித்தன. முன்னர்ச் சொன்ன கணக்கின்படி பிழை 7லிருந்து 2ஆக இறங்கினால், ஒளிமூலத்தை மாற்றாமலே தேறும் பங்கு 27லிருந்து 72 விழுக்காடாக உயரும். எனினும் 240 பிட் அற்பமன்று: இன்று வழக்கிலுள்ள 256 பிட் மறைகுறித் திறவுகோலை ஏறத்தாழ நொடிக்கொருமுறை புதுப்பிக்க அது போதும்.

மலைநாட்டுப் பயன்பாடு

கேமரன் மலை போன்ற நிலப்பரப்பில் வான்வெளி இணைப்பு மூடுபனியிடம் தோற்றுவிடும். மலைக்கு மலை பார்வை இருந்தாலும், பனி இறங்கும் நேரங்களில் ஒளி சிதறிப்போகும். ஒளியிழையே நிலையான வழி. தாப்பா வழி, சிம்பாங் பூலாய் வழி என ஒன்றுக்கு மேற்பட்ட சாலைகள் இருப்பதால், மண்சரிவில் ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும்படி இரு தடங்களில் இழை அமைவது நன்று. கம்பங்களில் தொங்கும் இழை காற்றில் ஆடும்போது கட்டமும் முனைவாக்கமும் ஓயாமல் மாறுவதால், திருத்தக் கருவிகளுக்கு வேலை மிகும். மண்ணில் புதைத்த இழையே இத்தொழிலுக்கு உகந்தது.

எல்லாத் தேவைக்கும் இம்முறை வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் உண்மையானவர் என்று உறுதிசெய்யத் தொடக்கத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு சிறு இரகசியத் திறவுகோல் வேறு வழியில் வந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒற்றர் இரு பக்கமும் மற்றவராக நடித்துவிடுவார். குவாண்டம் கணினிக்கும் அசையாதவை எனக் கருதப்படும் புதிய கணித முறைகளை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டுவிட்டது. அவை இருக்கிற கணினியிலும் கைப்பேசியிலும் நிரலாகவே இயங்குவதால், பொதுமக்களின் அன்றாடத் தேவைக்கு அவையே ஏற்றவை. பல்லாண்டு மறைவாய் இருக்க வேண்டிய அரசு, வங்கி, மருத்துவத் தரவுகள் செல்லும் சில தடங்களில் இரண்டையும் சேர்த்து அமைப்பது தகும். ஒன்று பின்னாளில் உடைந்தாலும் மற்றது காக்கும்.

அத்தகைய தடம் ஒன்றை வாங்க முன்வரும் எந்த நிறுவனமும் கேட்க வேண்டியவை சில. சொல்லப்படும் வீதம் முடிவில்லா எண்ணிக்கைக்கு உரியதா, ஒரு நாளில் உண்மையில் திரளும் பிட்டுகளின் எண்ணிக்கைக்கு நிறுவப்பட்டதா? பிழைத்திருத்தத்தில் வெளியான விவரம் முழுவதும் கழிக்கப்பட்டதா? உணரிகளைக் குருடாக்கும் தாக்குதல் சோதிக்கப்பட்டதா, அல்லது உணரியை நம்பத் தேவையில்லாத முறை கையாளப்படுகிறதா? இடைநிலையத்தின் அறைச்சாவி யாரிடம் இருக்கிறது? இவற்றுக்கு எண்ணோடு விடை தரும் கருவி நொடிக்கு 200 பிட்டே தந்தாலும் அது திறவுகோல். விடை தராத கருவி 200 மெகாபிட் தந்தாலும் அது வெறும் எண்வரிசை. தூண்டில் துடிப்பும் உணரி சாரா முறையும் இரட்டைப்புல முறையும் பிறந்தது, இக்கேள்விகளைத் தட்டிக்கழிக்காமல் அளந்து பார்த்தவர்களிடமிருந்துதான். இனி வரும் வேகமும் அந்த அளவீட்டிலிருந்தே வரவேண்டும்.